அம்மாவின் விலாவிலிருந்து மகனுக்குக் காது வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிறவியிலேயே வலது காது மடல் வளரவில்லை. சின்னக் கட்டி போலத்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவனுடைய விலாக் குருத்தெலும்பை எடுத்துக் காது செய்யலாம் என்கிறார் டாக்டர். பிள்ளையின் நெஞ்சில் ஏன் கத்தி வைக்க வேண்டும்? என்னிடமிருந்து எடுக்கக் கூடாதா? வைத்தாலும் சில வருடங்களில் கரைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் கண் கலங்கக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் நினைத்ததை ஒருவர் செய்தே பார்த்துவிட்டார். பிரிட்டனின் பெரிய பிளாஸ்டிக் சர்ஜன் ஹரால்ட் கில்லீஸ், 1937-ல் தாய்மார்களின் காதுக் குருத்தெலும்பை எடுத்து 30-க்கும் மேற்பட்ட காதுகளைச் சீரமைத்தார். அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயின. ‘கரைந்துவிடும்’ என்ற பேச்சு, இப்படி இன்னொருவரிடம் எடுத்த குருத்தெலும்புக்குத்தான் பெரிதும் பொருந்தும்.

அவனுடையதே என்றால் கதை வேறு. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது. அதன் செல்கள் சின்னச் சின்னக் குழிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, சுற்றிலும் இருந்து ஊறி வருவதை வைத்தே வாழ்கின்றன. தேவையும் ரொம்பக் குறைவு. அதனால் இடம் மாற்றி வைத்தாலும் பிழைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் டான்சர் 1959-ல் விலாக் குருத்தெலும்பில் காது செய்யும் முறையை வெளியிட்டார். அந்த வழியில் செய்த காதுகள் பல வருடங்கள் கழித்தும் வடிவம் மாறாமல் இருப்பதைப் பார்க்கிறோம்.

சரி, தோல்வியே வராதா? வரும். ஆனால் பெரும்பாலும் அது தோலில்தான் தொடங்குகிறது. விலாக் குருத்தெலும்பைக் காது வடிவில் செதுக்கிச் செய்த சட்டத்தின் மேல் போர்த்துகிற தோல் மெல்லியது. அதன் ரத்த ஓட்டம்தான் உள்ளே இருப்பதற்குச் சோறு போடுகிறது. தோல் கறுத்து, குருத்தெலும்பு வெளியே தெரிந்தால் காய ஆரம்பிக்கும். சீழ் பிடித்தால் உருகியே போகும். அடியில் ரத்தம் தேங்கக் கூடாது என்றுதான் மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சுகிறோம். முதல் சில நாட்கள் காதின் நிறத்தைத் திரும்பத் திரும்ப வந்து பார்ப்போம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்த நாட்களில் எனக்குக் கவலை குறைவதில்லை.

வீட்டில் உங்கள் வேலையும் அந்தத் தோலைக் காப்பதுதான். அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க விடாதீர்கள். இறுக்கமான தொப்பி, ஹெல்மெட், பந்து விளையாட்டு எல்லாம் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால் பிள்ளையின் அருகில் புகைக்கவே கூடாது. சிவந்தாலோ, நாற்றம் வந்தாலோ, வெள்ளையாக ஏதாவது எட்டிப் பார்த்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். குலதெய்வக் கோயிலில் காது குத்த வேண்டுமென்றால் ஆபரேஷனுக்கு முன் வேண்டாம். இருக்கிற சிறு கட்டியிலிருந்துதான் கீழ் மடலை உருவாக்குவோம், அதில் தழும்பு விழக் கூடாது. பிறகும் கீழ் மடலில் மட்டும், டாக்டரைக் கேட்டு.

நெஞ்சைப் பற்றி: முதல் சில நாட்கள் மூச்சு இழுக்கும்போது வலிக்கும், மருந்து கொடுப்போம். தழும்பு இருக்கும், எடுத்த இடம் கொஞ்சம் உள்வாங்கவும் செய்யலாம். டாக்டர் 10 வயது வரை காத்திருக்கச் சொன்னது சரியே. அதற்குள் விலாவில் போதுமான குருத்தெலும்பு சேரும், இடது காதும் ஏறக்குறைய முழு அளவுக்கு வந்திருக்கும். அதைப் பார்த்தே அளவெடுக்கலாம். பொதுவாக இரண்டு கட்டமாகச் செய்வோம்: முதலில் சட்டத்தைத் தோலுக்கடியில் வைப்பது, சில மாதம் கழித்துத் தலையிலிருந்து தூக்கி நிறுத்துவது.

நீங்கள் கேட்காத ஒன்று. புதிய மடல் வந்தாலும் அந்தக் காதில் கேட்கும் திறன் அதிகமாகிவிடாது. இப்படிப் பிறந்த பல பிள்ளைகளுக்குக் காதுத் துவாரமும் மூடியிருக்கும். இடது காது உட்பட இரண்டுக்கும் செவித்திறன் சோதனை செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே செய்துவிடுங்கள்.