நேர்த்தியும் நெருப்பும்

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோவில் தீமிதிப்பின்போது, கைக்குழந்தையுடன் தீக்குழியில் இறங்க வந்த தாய் ஒருவரைப் பொலிஸார் தடுத்துவிட்டனர். நேர்த்தி வைத்தவரைத் தடுப்பது மதச் சுதந்திரத்தைப் பறிப்பதாகாதா?
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அந்தத் தாயின் மனவேதனை எனக்கும் விளங்குகிறது. ஆயினும் தடுத்தது சரியென்றே கருதுகிறேன்.

1978 ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பில் 10 ஆம் உறுப்புரை தரும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தில் எவரும் கைவைக்க முடியாது. அம்மனை நம்புவதற்கும் நேர்த்தி வைப்பதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையை வழிபாடாக வெளிப்படுத்தும் உரிமையோ 14 ஆம் உறுப்புரையில் வருகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பிறரது உரிமை ஆகியவற்றின் பொருட்டு அதனைச் சட்டத்தால் மட்டுப்படுத்த 15 ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. விரதமிருந்து, மஞ்சள் சேலை உடுத்தித் தணலில் இறங்கும் பெரியவர் தம் உடலைத் தாமே ஒப்புக்கொடுக்கிறார். இடுப்பிலிருக்கும் குழந்தை எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. கால் இடறினால் தணலில் விழுவது அதுவுந்தான்.

ஆனால், பாதுகாப்பு என்று அதிகாரிகள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவும் கூடாது. கொரோனாக் காலத்தில் நடந்ததைக் கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொற்றினால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்றார்கள். அதற்குத் தக்க சான்று காட்டவில்லை. உயர் நீதிமன்றமும் அவ்வாண்டு டிசம்பரில் மனுக்களை விசாரணைக்கு ஏற்காமலே தள்ளிவிட்டது. 2021 பெப்ரவரியில் அந்த விதி மாற்றப்பட்ட பின்னரும், உறவுகளைச் சொந்த ஊர் மையவாடியில் அடக்க முடியாமல் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களுக்கு அது எப்படி ஈடாகும்?

தீக்குழியில் ஆபத்து கண்ணெதிரே தணலாய்க் கிடக்கிறது. குழந்தையைக் கரையில் பாட்டியிடம் கொடுத்துவிட்டுத் தாய் தனியே இறங்கியிருந்தால் நேர்த்தியும் நிறைவேறியிருக்கும். அவரையும் சேர்த்துத் தடுத்திருந்தாலோ, வேறு மதத்தவரின் விழாவில் இதே போன்ற ஆபத்தைக் கண்டும் காணாமல் விட்டிருந்தாலோ, உங்கள் பக்கமே நான் நின்றிருப்பேன். அப்படி நேர்ந்தால், 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். அதற்குள்ள காலம் ஒரே மாதம். திருவிழா முடியட்டும் என்று நாளைக் கடத்திவிடாதீர்கள்.