முதலில் லெட்ஜர், அப்புறம் சாவி: ஃபார்மில் வரும் புகார் கிட்ஹப்புக்குப் போகும் வழி

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “நாங்கள் மூன்று பேர். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிறிய லாட்ஜுகளுக்கு ரூம் பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். புகார் சொல்வதற்கு எங்கள் வெப்சைட்டில் ஒரு கூகுள் ஃபார்ம் வைத்திருக்கிறோம். அது ஒரு ஷீட்டில் போய் விழுகிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. நாங்கள் நாள் முழுவதும் இருப்பது, எங்கள் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில். ஃபார்மை நிரப்பியதும் அங்கே தானாக ஒரு இஷ்யூ (கவனிக்க வேண்டிய வேலையின் பதிவு) திறக்க வேண்டும். ஜாப்பியர் வாங்கலாமா, வேறு வழி உண்டா?”

உண்டு. கைக்காசு போடாமல் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. ஒரு செயலியில் நடப்பதை இன்னொன்றுக்குத் தானாகக் கடத்தும் ஜாப்பியர், மேக் இரண்டுமே நல்ல கருவிகள்தான். கோடு எழுதத் தெரியாத அலுவலகம் கேட்டிருந்தால் அவற்றைத்தான் சொல்லியிருப்பேன். ஜாப்பியரின் இலவசக் கணக்கில் மாதத்துக்கு 100 டாஸ்க். அதற்கு மேல் டாலரில் பில். அதே வகையான என்8என்னைச் சொந்த சர்வரில் வைத்து ஓட்டலாம். ஆனால் அந்த சர்வர் ராத்திரி படுத்துவிட்டால் யார் எழுப்புவது? உங்கள் ஃபார்மும் ஷீட்டும் ஏற்கெனவே கூகுளில் இருக்கின்றன. ஷீட்டின் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ மெனுவுக்குள் இருக்கும், சிறு நிரல் எழுதி ஓட்டுகிற ஆப்ஸ் ஸ்கிரிப்டே இதற்குப் போதும்.

இதைத் தேடிப் பார்த்தால் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: ஃபார்ம் வந்தவுடன் ஓடும் ட்ரிக்கர் (ஸ்கிரிப்டைத் தானாகக் கிளப்பும் விசை) ஒன்றை வைத்து, அதிலிருந்து நேராகக் கிட்ஹப் ஏபிஐயை (நிரல்களுக்கான வாசலை) கூப்பிடுங்கள் என்று. வேலை செய்யும். ஆனால் ஒரு தடவை தவறினால் அந்தப் புகார் போனதா இல்லையா என்று சொல்ல ஆள் இருக்காது. உங்கள் வாடிக்கையாளர்கள் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று பாருங்கள். கல்கத்தாவிலிருந்து ரயிலில் வந்து களைத்து நிற்கிற குடும்பமாக இருந்தாலும், கவுன்ட்டரில் முதலில் லெட்ஜரில் பெயர், அப்புறம்தான் சாவி. சாவி எண் எழுதாத வரி லெட்ஜரில் இருந்தால், அந்த ஆள் இன்னும் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அதையே இங்கேயும் செய்யுங்கள். ஷீட்டின் வலது ஓரத்தில் ‘புகார் எண்’, ‘இஷ்யூ எண்’ என்று இரண்டு நெடுவரிசை சேருங்கள். ஃபார்ம் ட்ரிக்கர் வேண்டாம். 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் நேர ட்ரிக்கர் வையுங்கள். அந்த ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ‘இஷ்யூ எண்’ காலியாக இருக்கும் வரிகளைத் தேடு, புகார் எண் இல்லையென்றால் எழுது, கிட்ஹப்புக்கு அனுப்பு, ‘திறந்தாயிற்று’ என்று பொருள்படும் 201 பதிலாக வந்தால் மட்டும், அந்தப் பதிலில் உள்ள இஷ்யூ எண்ணை அதே வரியில் எழுது. வேறு எந்தப் பதில் வந்தாலும் கட்டம் காலியாகவே இருக்கட்டும். அடுத்த சுற்றில் தானாக மறுபடி முயலும். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்தது கிளம்பி ஒரே புகாருக்கு இரண்டு இஷ்யூ திறந்துவிடாமலிருக்க, தொடக்கத்திலேயே லாக்சர்வீஸ் என்ற பூட்டைப் போட்டுவிடுங்கள். புகார் எண்ணாக ஷீட்டின் வரி எண்ணை நம்பாதீர்கள். யாராவது ஒரு வரியை நீக்கினால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.

5 நிமிடத் தாமதம் பெரிதா என்று கேட்பீர்கள். இதுவரை யாரும் திறந்தே பார்க்காத ஷீட் அது!

அடுத்தது டோக்கன், அதாவது ஸ்கிரிப்ட் கிட்ஹப்புக்குள் நுழையக் காட்டும் ரகசியக் குறியீடு. இதில்தான் அவசரப்படக் கூடாது. கிட்ஹப்பில் ‘கிளாசிக்’, ‘ஃபைன்-கிரெய்ண்ட்’ என்று இரண்டு வகை உண்டு. கிளாசிக்கில் பிரைவேட் ரெப்போவை (வெளியாருக்குத் தெரியாத கோடு கிடங்கை) தொட வேண்டுமென்றால், உங்களால் எட்ட முடிகிற எல்லா ரெப்போவின் கதவையும் சேர்த்துத் திறக்க வேண்டும். ஃபைன்-கிரெய்ண்டில் ஒரே ரெப்போ, ‘இஷ்யூஸ்’ படிக்க, எழுத என்று நிறுத்திவிடலாம். அது போதும். டோக்கனை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் ‘ஸ்கிரிப்ட் ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் வையுங்கள். வெப்சைட்டின் ஜாவாஸ்கிரிப்டில் வைத்து பிரவுசரிலிருந்தே அனுப்பலாமா என்று உங்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கூடவே கூடாது. பக்கத்தைத் திறக்கிற யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

யாருடைய டோக்கன் என்பதும் முக்கியம். உங்கள் சொந்தக் கணக்கின் டோக்கனைப் போட்டால் எல்லா இஷ்யூவும் நீங்களே திறந்ததாகத்தான் தெரியும். நாம் செய்த காரியத்துக்குக் கிட்ஹப் வழக்கமாக நமக்கே மெயில் அனுப்புவதில்லை. ஆகவே மற்ற இருவருக்கும் மெயில் வரும், உங்களுக்கு மட்டும் வராது. எங்கே கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இதற்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்துவிடுங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரெப்போ ஒரு தனி நபர் கணக்கில் இருந்தால், அதில் கொலாபரேட்டராக மட்டும் சேர்ந்த இன்னொரு கணக்கின் ஃபைன்-கிரெய்ண்ட் டோக்கன் அங்கே செல்லாது. ரெப்போவை ஒரு ஆர்கனைசேஷனுக்கு (குழுக் கணக்குக்கு) மாற்றி, இந்தக் கணக்கை அதில் உறுப்பினராக்கி, ‘ரைட்’ (எழுதும்) உரிமை கொடுங்கள். அந்த உரிமை இல்லையென்றால் இஷ்யூ திறக்கும், ஆனால் அதோடு நீங்கள் அனுப்பிய லேபிள் (வகைப் பெயர்) மட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஆப்ஸ் ஸ்கிரிப்டையும் அலுவலகப் பொதுக் கணக்கிலிருந்தே அமையுங்கள். ட்ரிக்கர் அதை உருவாக்கியவர் பெயரில்தான் ஓடும். அவர் வேலையை விட்டுப் போய் கணக்கை மூடினால் அதோடு நின்றுவிடும்.

இனி, என்னென்ன அனுப்புவது. ஷீட்டில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே தள்ளிவிடாதீர்கள். டெவலப்பருக்கு வேண்டியது லாட்ஜின் குறியீடு, எந்த ஸ்கிரீன், என்ன நடந்தது, புகார் எண். மேனேஜரின் போன் எண் ஷீட்டிலேயே இருக்கட்டும். தேவைப்பட்டால் புகார் எண்ணை வைத்துப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தொழிலில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்களாதேஷிலிருந்து நோயாளிகள் வந்தால் லாட்ஜ்காரர்கள் வெளிநாட்டு விருந்தினர் பற்றி அரசுக்குத் தெரிவிக்கும், சி ஃபார்ம் என்று வழங்கும் படிவத்தைப் போட வேண்டும். “சி ஃபார்ம் பிரிண்ட் ஆகவில்லை” என்று புகார் எழுதும்போது, உதவியாக இருக்கட்டும் என்று அந்த விருந்தினரின் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள். பிரைவேட் ரெப்போதானே என்று விட்டுவிடாதீர்கள். இஷ்யூவைத் திருத்தினாலும் பழைய எழுத்து திருத்த வரலாற்றில் கிடக்கும். ஃபார்மிலேயே “விருந்தினர் பெயர், பாஸ்போர்ட், ஆதார் எண் எழுத வேண்டாம்” என்று ஒரு வரி போட்டுவிட்டு, ஸ்கிரிப்டில் 8 இலக்கத்துக்கு மேல் தொடர்ந்து வரும் எண்களையும், ஓரிரு ஆங்கில எழுத்தும் பின்னால் ஏழெட்டு இலக்கமும் சேர்ந்து வருவதையும் பெருக்கல் குறிகளால் மறைத்துவிடுங்கள். ஆதாரை நாலு நாலாக இடைவெளி விட்டு எழுதுபவர்களும் உண்டு. அதையும் சேர்த்துப் பிடியுங்கள்.

லாட்ஜ்காரர்கள் எழுதும் வழக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. “ரூம் #204, டபுள் @800, பில் ரெண்டு தடவை வருது” என்று எழுதுவார்கள். கிட்ஹப்பின் கண்ணுக்கு #204 என்பது 204ஆம் இஷ்யூ. அந்த எண்ணில் ஒரு இஷ்யூ இருந்தால் உடனே இணைப்பு போட்டு, சம்பந்தமே இல்லாத அந்தப் பழைய இஷ்யூவில் “இங்கே குறிப்பிடப்பட்டது” என்று ஒரு வரியும் சேர்த்துவிடும். @800 என்பது அதற்கு ஒரு பயனர் பெயர். பிரைவேட் ரெப்போவில் வெளியாள் யாருக்கும் தகவல் போகாது. ரெப்போ பப்ளிக்காக இருந்தால் அந்தப் பெயரில் இருக்கும் யாரோ ஒருவருக்கு உங்கள் டபுள் ரூம் வாடகை மெயிலில் போய்ச் சேரும். # குறிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வரியின் தொடக்கத்தில் அப்படி வந்தால் அது கொட்டை எழுத்துத் தலைப்பாகிவிடும். அனுப்புவதற்கு முன் # இருக்கும் இடத்தில் ‘எண்’ என்று மாற்றிவிடுங்கள். @ குறிக்குப் பின் மட்டும் ஓர் இடைவெளி போதும்.

வங்காளத்தில், இந்தியில் புகார் வந்தாலும் கவலை வேண்டாம். ஜேசன் என்ற தரவு வடிவத்தில் அனுப்பினால் எழுத்து உடையாமல் போய்ச் சேரும். ஸ்கிரிப்டின் நேர மண்டலம் இந்தியாவில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். கிட்ஹப் ஏபிஐ யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் சொல்லும், நம்முடையதிலிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னால்.

தவறும்போது வரும் எண்களில் நாலைந்தைத் தெரிந்துகொண்டால் போதும். 401 என்றால் டோக்கன் தவறு அல்லது காலாவதி. 404 என்றால் ரெப்போ இல்லை என்று மட்டும் அர்த்தமில்லை. பிரைவேட் ரெப்போவைத் தொட டோக்கனுக்கு உரிமை இல்லாதபோதும் கிட்ஹப் அப்படித்தான் கைவிரிக்கும். 410 வந்தால் அந்த ரெப்போவில் இஷ்யூஸ் வசதியே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 422 வந்தால் நீங்கள் அனுப்பிய விவரத்தில் கோளாறு. பெரும்பாலும் தலைப்பு காலி. வேக வரம்பு உங்களைத் தொடாது. நிமிடத்துக்கு 80 இஷ்யூ திறக்கிற அளவுக்குப் புகார் வந்தால் பார்க்க வேண்டியது ஸ்கிரிப்டை அல்ல, சாஃப்ட்வேரை.

நான் சூடுபட்டது 401இல்தான். ஒரு வாடிக்கையாளருக்கு டோக்கனை 90 நாளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். கிட்ஹப் அனுப்பிய எச்சரிக்கை மெயில் யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போயிருக்கிறது. மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை. மென்பொருள் இப்போதுதான் செட்டாகிவிட்டது என்று அவர்களும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும் இருந்தேன். அப்போது நான் எழுதியிருந்தது ஃபார்ம் ட்ரிக்கர், லெட்ஜர் இல்லை. அதனால்தான் இப்போது ஸ்கிரிப்டில் இன்னொரு வேலையும் கொடுத்துவிடுகிறேன்: ‘இஷ்யூ எண்’ ஒரு மணி நேரத்துக்கு மேல் காலியாக இருந்தால் மூன்று பேருக்கும் மெயில். டோக்கன் முடியும் தேதியைக் காலண்டரில் ஒரு வாரம் முன்னதாகக் குறித்தும் வைப்பேன்.

இஷ்யூ மூடியதும் லாட்ஜுக்குத் தகவல் போக வேண்டும் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். கிட்ஹப் வெப்ஹூக்கை (ஏதாவது நடந்ததும் கிட்ஹப் தானாக அனுப்பும் தகவலை) ஆப்ஸ் ஸ்கிரிப்டில் வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் கிட்ஹப் தன் கையொப்பத்தைத் தகவலின் தலைப்பகுதியான ஹெட்டரில்தான் அனுப்புகிறது; ஆப்ஸ் ஸ்கிரிப்டால் ஹெட்டரைப் படிக்க முடியாது. வந்தது கிட்ஹப்பிலிருந்துதானா என்று உறுதி செய்ய வழியில்லை. மணிக்கு ஒரு முறை நீங்களே போய்த் திறந்திருக்கும் இஷ்யூகளின் நிலையைக் கேட்டு, மூடியிருந்தால் ஷீட்டில் ‘முடிந்தது’ என்று எழுதிவிடுங்கள். போன் செய்து சொல்வது மனிதர் வேலையாகவே இருக்கட்டும்; மேனேஜர்களுக்கு அதுதான் பிடிக்கும். அவர்களில் பாதிப் பேர் ஃபார்மை நிரப்பவே மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ்தான் போடுவார்கள். அதைக் கேட்டு ஃபார்மை நீங்களே நிரப்புங்கள்.

எல்லாம் அமைத்ததும் உங்கள் போனிலிருந்து ஒரு புகார் போட்டுப் பாருங்கள். அதில் #204, @800, ஒரு 12 இலக்க எண், ஒரு வரி வங்காளம் எல்லாம் இருக்கட்டும். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், டோக்கனில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு இன்னொரு புகார் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மூன்று பேருக்கும் மெயில் வர வேண்டும். வந்த பிறகு டோக்கனைச் சரி செய்துவிட்டு ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். அடுத்த 5 நிமிடத்துக்குள் அந்தக் காலிக் கட்டத்தில் இஷ்யூ எண் வந்து உட்கார வேண்டும்.