நுண்கீரைக்குத் தாது ஊட்டலாமா?

வணக்கம். நுண்கீரை (முளைத்து ஓரிரு வாரத்திலேயே அறுத்துச் சாப்பிடும் இளங்கீரை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு முள்ளங்கி, கடுகு, பிரக்கோலி வளர்த்து வருகிறேன். தாது உப்புகளைக் கரைத்து ஊற்றினால் வேகமாக வளரும், சத்தும் கூடும் என்கிறார்கள். துத்தநாகம், இரும்பு, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்க நினைக்கிறேன். போன தடவை உரநீர் ஊற்றிய தட்டில் இலை ஓரம் கருகிப்போனது. என்ன அளவில் கொடுப்பது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வளர்ச்சி வேறு, சத்து வேறு. முதலில் வளர்ச்சியைப் பார்த்துவிடுவோம்.

முளைத்த முதல் சில நாட்கள் நாற்று விதையின் சேமிப்பில்தான் வாழ்கிறது. அங்கே பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற சேமிப்புப் பொருளாக இருக்கும். துத்தநாகம், இரும்பு போன்றவையும் அதோடு பிணைந்து கிடக்கும். முளைக்கும்போது நொதிகள் அதை உடைத்துக் கொடுக்கின்றன. அதனால் ஒரு வாரத்தில் அறுக்கும் முள்ளங்கிக்குத் தண்ணீரே போதும். இரண்டு வாரம் நிற்கும் பிரக்கோலிக்கு, வித்திலை (முளையில் முதலில் விரியும் இலை) பச்சை பிடித்த பிறகு நீர்த்த உரநீர் கொடுத்தால் பலன் தெரியும். உங்கள் தட்டு கருகியதற்குப் பெரும்பாலும் உப்புத்தான் காரணமாக இருக்கும். வடிகால் இல்லாத தட்டில் தண்ணீர் ஆவியாக ஆவியாக, ஊற்றிய உப்பு அப்படியே தங்கி அடர்த்தியாகிவிடும்.

சத்துக்காக என்றால் துத்தநாகத்தில் தொடங்குங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் துத்தநாகம் போதும். ஏழு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக சல்பேட் என்றால் 10 லிட்டருக்குச் சுமார் 220 மில்லிகிராம் வரும். கரண்டியில் அளக்காதீர்கள், மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். உர ரகத்தில் ஈயம், காட்மியம் கலந்திருக்கலாம் என்பதால் உணவுத் தர உப்பையே வாங்குங்கள். துத்தநாகம் மிஞ்சினால் வேர் குட்டையாகும், இரும்பு ஏறுவதும் தடைபடும். ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் தொடங்க வேண்டாம். இரும்புக்குக் கீலேட் வடிவம், அதாவது இரும்பைப் படியவிடாமல் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மம், நல்லது. சாதாரண இரும்பு சல்பேட் காரத் தண்ணீரில் துருவாகப் படிந்துவிடும், வேருக்குப் போய்ச் சேராது.

செலினியத்துக்கு நான் அளவு சொல்லப்போவதில்லை. தயவுசெய்து அதை வீட்டில் செய்யாதீர்கள். செலினேட் என்பது தண்ணீரில் கரையும் செலினிய வடிவம். அதைச் செடி கந்தகம் என்று எண்ணி, கந்தகம் சல்பேட்டாகப் போகும் அதே வழியில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடுகு, முள்ளங்கி, பிரக்கோலி மூன்றும் கந்தகம் நிறையக் கேட்கும் ஒரே குடும்பம். இலை செழிப்பாகவே நிற்கும், உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 25 கிராம் பச்சை இலையில் உலர் பொருள் சுமார் 2 கிராம். அப்படியானால் ஒரு கைப்பிடியில் 200 மைக்ரோகிராம் செலினியம்! வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும். ஐரோப்பாவில் வைத்திருக்கும் உச்ச வரம்பே 255தான். மற்ற உணவிலிருந்து வருவதையும் சேர்த்தால் என்ன ஆகும்? வரம்பைத் தொடர்ந்து தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும், நரம்பும் பாதிக்கப்படும்.

பின்லாந்து 1980களின் நடுவிலிருந்து நாடு முழுவதும் உரத்தில் செலினியம் சேர்த்துவருகிறது. அவர்கள் பயிர், உணவு, மக்களின் ரத்தம் எல்லாவற்றையும் பரிசோதித்து, உரத்தில் சேர்க்கும் அளவை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள். அந்த வசதி இருந்தால்தான் அது சரிப்படும்.

இப்போதைக்கு ஒரே விதையில் இரண்டு தட்டு போடுங்கள், ஒன்றுக்குத் துத்தநாக நீர், இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். அறுத்ததும் இரண்டையும் எடை போட்டு, வேரின் நீளத்தையும் பார்த்து எழுதுங்கள். சத்து கூடியதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு மாதிரியை உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.