பிரிட்டனில் வாடகை வீடு கிடைக்காததற்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்தான் காரணமா? ஏர்பிஎன்பி விதிகளால் ஏதாவது மாறுமா?

கேள்வி கேட்டவர், தன் தங்கை வரும் செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்க வருவதாகவும், வீடு பற்றிய செய்திகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குவதாகவும் எழுதியிருக்கிறார். நான் இங்கே வந்தது 2015இல். நான்கு ஆண்டுகள் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருந்தேன், அதன் பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோ. இரண்டு ஊரிலும் வாடகை வீடுதான்.

ஆட்கள் கூடியதால் நெருக்கடி கூடியது உண்மை. அதை மறுத்துப் பேசினால் மற்ற எதையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வீடுகள் குறையத் தொடங்கியது நாங்கள் விமானம் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே. அதை நான் குடியிருந்த வீட்டுச் சுவர்களே எனக்குக் காட்டின.

முதல் வீடு, ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. மளிகைக் கடைக் கண்ணாடியில் தமிழில் கையால் எழுதி ஒட்டியிருந்த "ரூம் வாடகைக்கு" சீட்டைப் பார்த்துப் போனேன். மூன்று படுக்கையறை வீட்டில் முன் ஹாலைப் பிளைவுட் வைத்துத் தடுத்து நான்காவது அறையாக்கியிருந்தார்கள். அதுதான் எனக்கு. மொத்தம் ஏழு பேர், ஒரே குளியலறை. யார் எத்தனை மணிக்குச் சமைப்பது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை. கட்டிலை நகர்த்தினால் சுவரில் கறுப்புப் பூஞ்சை. ஞாயிறுதோறும் பிளீச் போட்டுத் துடைப்பேன், அடுத்த ஞாயிறு அதே இடத்தில் திரும்பி நிற்கும். ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதியில் தனியார் வாடகை வீடுகளுக்கு 2013 முதலே கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) உரிமம் கட்டாயம். எங்கள் ஓனர் சொல்லி வைத்தது இவ்வளவுதான்: "கவுன்சில்ல இருந்து யாராவது வந்தா எல்லாரும் கசின்ஸ்னு சொல்லுங்க தம்பி." ஏழு பேரில் இருவர் பஞ்சாபிகள், ஒருவர் ருமேனியாக்காரர்.

இரண்டு ஆண்டு கழித்துக் கல்யாணமானதும் தனி பிளாட் பார்த்தோம். 1960களில் கட்டிய கவுன்சில் குடியிருப்பு, மூன்றாவது மாடி. கவுன்சில் கட்டிடத்தில் தனியார் ஓனர் எப்படி என்று எனக்கு முதலில் புரியவில்லை. எதிர் வீட்டு அம்மா இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, கவுன்சில் அவரைத் "தற்காலிகமாக" அங்கே குடிவைத்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. அவர்தான் ஒருநாள் மாடிப்படியில் நின்று விளக்கினார். இந்த பிளாட்டுகளைக் கட்டியது கவுன்சில். பிறகு குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடி விலையில் விற்றது. அவர்களிடமிருந்து வேறு ஓனர்கள் வாங்கினார்கள். இப்போது அதே கவுன்சில், தான் கட்டி விற்ற வீட்டுக்கு வாடகை கொடுத்து அவரை அங்கே வைத்திருக்கிறது. ஒரே தளத்தில் எதிரெதிரே இரண்டு கதவுகள்: ஒன்றில் அவர், ஒன்றில் நாங்கள். இருவருமே ஒருகாலத்தில் பொதுச் சொத்தாக இருந்த வீட்டுக்குத் தனியாருக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த விற்பனைக்குப் பெயர் "ரைட் டு பை". மார்கரெட் தாட்சர் அரசு 1980இல் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் கவுன்சில் வீடுகள் இப்படிக் கைமாறின. வாங்கிய தொழிலாளர் குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். சொந்த வீடு என்ற கனவு அவர்களுக்கும் உண்டுதானே. தவறு, விற்ற பணத்தைக் கொண்டு ஈடாக வீடு கட்டக் கவுன்சில்களை விடாததுதான். 1950களின் தொடக்கத்தில் இந்த நாட்டின் கவுன்சில்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வீடு கட்டின, அதுவும் போரில் நொடித்துப்போயிருந்த நிலையில். 1990களின் இறுதியில் அது ஆண்டுக்குச் சில நூறு வீடுகளாகத் தேய்ந்துவிட்டது. இன்று இங்கிலாந்தில் சமூக வீட்டுக்கு, அதாவது கவுன்சில் போன்றவை குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்கு, காத்திருப்பவை சுமார் 13 லட்சம் குடும்பங்கள். எதிர் வீட்டு அம்மாவைப் போலத் தற்காலிக இடங்களில் இருப்பவை 1.3 லட்சம் குடும்பங்களுக்கு மேல். ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இந்த விற்பனையை நிறுத்திவிட்டன. இங்கிலாந்து நிறுத்தவில்லை, 2024 நவம்பரில் தள்ளுபடியைத்தான் வெட்டியது.

சரி, வெளியிலிருந்து வந்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த எண்ணிக்கை 2022, 2023 வாக்கில் உச்சத்தைத் தொட்டபோது ஓராண்டில் 9 லட்சத்தைத் தாண்டியது. மாணவர்கள், பராமரிப்புப் பணியாளர்கள், உக்ரைனிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து. அத்தனை பேருக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும். வாடகைச் சந்தை திணறாமல் என்ன செய்யும்? அதே நேரத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 2021 டிசம்பரில் இருந்த 0.1 சதவீதத்திலிருந்து 2023 ஆகஸ்டில் 5.25க்கு ஏறியது. கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் அந்தச் சுமையைக் குடியிருப்பவர் தலையில் இறக்கினார்கள். பிறகு விசா விதிகளை இறுக்கினார்கள். 2025 ஜூனோடு முடிந்த ஆண்டில் அந்த எண்ணிக்கை சுமார் 2 லட்சமாகச் சரிந்தது. வாடகை இறங்கியதா என்றால் இல்லை, ஏறும் வேகம்தான் தணிந்தது.

இங்கே வரும் மாணவருக்கோ வேலை விசாக்காரருக்கோ கவுன்சில் வீடு கிடையாது என்பதை ஊரில் பலர் அறிந்திருக்கவில்லை. விசாவிலேயே "பொது நிதி உதவி இல்லை" என்று நிபந்தனை உண்டு. புகலிடம் கேட்டு வருபவர்கள் கதை தனி. அவர்களை உள்துறை அமைச்சகம் தங்க வைக்கிறது. 2025 ஜூனில் சுமார் 32,000 பேர் ஹோட்டல்களில் இருந்தார்கள். "ஹோட்டல்" என்றதும் பத்திரிகைகள் காட்டும் படம் வேறு. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் ஒரே அறையில், சமைக்க அடுப்பில்லாமல் கிடப்பதுதான் நடப்பு. அந்த விண்ணப்பங்களைச் சீக்கிரம் தீர்த்து வைக்காததற்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது தனியார் வாடகை மட்டும். அதற்கும் இங்கிலாந்தில் 2016 பிப்ரவரி முதல் "ரைட் டு ரென்ட்" என்று ஒரு சோதனை உண்டு. வாடகைக்கு வருபவரின் குடியுரிமை, விசாவை ஓனர் பார்த்தாக வேண்டும். தவறினால் அபராதம், 2024 முதல் ஒரு ஆளுக்கு 10,000 பவுண்டு வரை, மறுபடி மாட்டினால் 20,000 வரை. பயந்துபோன ஓனர் என்ன செய்வார்? பிரிட்டிஷ் பாஸ்போர்ட் காட்டுபவருக்கே சாவியைக் கொடுப்பார். இந்தச் சட்டத்தால் பாகுபாடு நடக்கிறது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. இருந்தும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த மூன்றாவது மாடி பிளாட்டுக்கு எங்களிடம் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். இங்கே ஜாமீன் கையெழுத்துப் போட எங்களுக்கு ஆள் இல்லை, அதனால். ஊரில் அம்மா வளையலை அடகு வைத்துத்தான் அதைக் கட்டினோம். போட்டியில் வென்று யாரோ ஒருவருடைய வீட்டை நாங்கள் தட்டிப் பறித்ததாக அப்போது உணரவில்லை. வேறு யாரும் கட்ட முடியாத விலையை எங்களைக் கட்ட வைத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த விலை தெரு முழுவதற்கும் விலையாகிவிடுகிறது. உள்ளூர்க்காரரின் கோபம் அங்கேதான் பிறக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது திரும்ப வேண்டிய திசை வேறு.

இனி ஏர்பிஎன்பி, அதாவது வீட்டைச் சில நாள்களுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் இணையதளம். எடின்பரோவில் எங்கள் வீடு ஒரு பழைய கல் கட்டிடம், இங்கே டெனமென்ட் என்பார்கள். ஒரே மாடிப்படி, எட்டு வீடுகள். மாடிப்படியைக் கழுவுவது எட்டு வீட்டார் பொறுப்பு. "இந்த வாரம் உங்கள் முறை" என்று அச்சடித்த ஒரு அட்டை வீட்டுக்கு வீடு நகரும். கழுவி முடித்தவர் அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிடுவார். 2019இல் நாங்கள் குடிபோனபோது எட்டில் மூன்று வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்பட்டிருந்தன. வாசல் கம்பியில் எண் பூட்டுப் போட்ட மூன்று சின்னச் சாவிப் பெட்டிகள். ஆகஸ்ட் திருவிழா மாதத்தில் நள்ளிரவில் கற்படிகளில் சூட்கேஸ் சக்கரம் தடதடக்கும். எங்கள் கதவைத் தட்டி "சாவிப் பெட்டி நம்பர் தெரியுமா?" என்று கேட்பார்கள். அட்டை அந்த வீடுகளில் ஒன்றின் கைப்பிடிக்குப் போனால் அங்கேயே தொங்கும். கடைசியில் முதல் மாடிப் பாட்டி, எண்பது வயதுக்கு மேல், தானே வாளியோடு இறங்குவார். "அட்டைக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை கண்ணு" என்கிற பொருளில் அவர் ஒருமுறை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

2022 செப்டம்பர் 5 முதல் எடின்பரோ முழுவதும் கட்டுப்பாட்டுப் பகுதி. சொந்தமாகக் குடியிருக்காத முழு வீட்டைப் புதிதாகக் குறுகியகால வாடகைக்கு விடத் திட்ட அனுமதி (வீட்டின் பயன்பாட்டை மாற்றக் கவுன்சில் தரும் அனுமதி) வேண்டும். அதற்கு மேல் ஸ்காட்லாந்து முழுவதும் உரிமம். ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 2023 அக்டோபர் 1 கெடு. டெனமென்ட் வீடுகளுக்குப் பொதுவாக உரிமமே இல்லை என்று கவுன்சில் வகுத்த கொள்கையை ஓனர்கள் வழக்குப் போட்டு உடைத்தார்கள், 2023 ஜூனில். ஆனாலும் எங்கள் படியில் அடுத்த குளிர்காலத்துக்குள் இரண்டு சாவிப் பெட்டிகள் கழன்றுவிட்டன. ஒரு வீட்டுக்குக் கேரளத்து நர்ஸ் குடும்பம் வந்தது. இன்னொன்றுக்கு உள்ளூர் இளம் ஜோடி. வாடகை ஒன்றும் மலிவில்லை. நகரம் முழுவதிலும் வீட்டு நெருக்கடி தீரவுமில்லை, கவுன்சில் 2023 நவம்பரில் வீட்டு அவசரநிலையே அறிவித்தது. ஆனால் அட்டை மறுபடி நகரத் தொடங்கியது. வாடகைப் புள்ளிவிவரத்தில் வராத ஒரு லாபம் இது.

லண்டனில் வீட்டைக் குறுகியகால வாடகைக்கு விட 2015 முதல் ஆண்டுக்கு 90 இரவு என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் விடத் திட்ட அனுமதி தேவை. விதி நல்ல விதிதான். ஒரே வீட்டை இரண்டு மூன்று இணையதளங்களில் பட்டியலிட்டால் இரவுகளைக் கூட்டிப் பார்த்து நிரூபிக்க வேண்டியது கவுன்சில். அதற்கு அங்கே கைகள் போதாது. பதிவேடு இல்லாமல் வரம்பு மட்டும் வைத்தால் இப்படித்தான். 2023இல் இங்கிலாந்து பதிவு முறைக்குச் சட்டத்தில் இடம் மட்டும் ஒதுக்கியது. அதற்குள் ஸ்காட்லாந்தில் உரிமம் நடைமுறைக்கே வந்துவிட்டது.

குடியேறிகள்தான் காரணம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் கார்ன்வாலின் செயிண்ட் ஐவ்ஸைக் காட்டுங்கள். வெளிநாட்டார் மிகக் குறைவாக உள்ள கடலோர ஊர். விடுமுறை வீடுகளும் இரண்டாம் வீடுகளும் ஊரை நிறைத்ததால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடில்லை. 2016இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவரே வாழ வேண்டும் என்ற விதிக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. வேல்ஸ் இதே பிரச்சினைக்காக 2023 முதல், இரண்டாம் வீடுகளுக்குக் கவுன்சில் வரியோடு 300 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கக் கவுன்சில்களை அனுமதித்திருக்கிறது. எந்த விசாவை நிறுத்தினால் செயிண்ட் ஐவ்ஸில் வீடு கிடைக்கும்?

என் கருத்து: ஏர்பிஎன்பி விதிகள் எடின்பரோ, கார்ன்வால் போன்ற ஊர்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஈஸ்ட் ஹாமுக்கு அவை போதாது. அங்கே வேண்டியது கவுன்சில் மறுபடி வீடு கட்டுவதும், கட்டியதை விற்காமல் வைத்துக்கொள்வதும். ஐந்து ஆண்டில் 15 லட்சம் வீடு என்று 2024இல் வந்த அரசு வாக்குக் கொடுத்தது. அதில் எத்தனை, எதிர் வீட்டு அம்மா கட்டக்கூடிய வாடகையில் இருக்கும் என்பதுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பது.

தங்கைக்கு இரண்டு வார்த்தை. முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் கொஞ்சம் செலவானாலும் எடுத்துவிடச் சொல்லுங்கள். தனியார் வாடகை என்றால், இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்பண வாடகை கேட்கவோ, விளம்பரம் செய்த தொகைக்கு மேல் ஏலம் விடவோ கூடாது. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் பழைய நோட்டீஸும் அன்றோடு போயிற்று. விடுதிகளுக்கு இவை அப்படியே பொருந்தாது, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் இல்லை, 30 நாளுக்குள் அதை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு ரசீது தர வேண்டும். விசா நிலையை ஓனர் ஆன்லைனில் சரிபார்க்கக் கொடுக்கும் ஷேர் கோடை முன்பே எடுத்து வைத்திருக்கட்டும்.

வீட்டை யாராவது நேரில் பார்க்கும் முன் ஒரு பவுண்டுகூட அனுப்ப வேண்டாம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் பார்க்க ஆள் இல்லை என்றால் இங்கேயே எழுதுங்கள். அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள். கட்டிலை நகர்த்திப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.