மத்தியதரைக் கடலில் இருக்கும் தீவு நாடு மால்டா. ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத இங்கே இத்தனை ஊர்கள் எப்படி உருவாயின? மக்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

கோசோ, கொமினோ தீவுகளையும் சேர்த்து 316 சதுர கி.மீ. தான். அதில் 2021 கணக்கெடுப்பின்படி 5,19,000 பேர். ஆண்டு மழை சுமார் 550 மி.மீ.; அதுவும் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரிக்குள் பெய்து ஓய்ந்துவிடும். பழைய ஊர்கள் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்பதற்குப் பாதி விடை காலடியில் இருக்கும் பாறையில் இருக்கிறது.

மேற்கு மேட்டில் மேலே பவளச் சுண்ணாம்புக்கல், அதன் கீழே நீலக் களிமண். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் தேங்கி, சரிவுகளில் ஊற்றாகக் கசியும். பழைய தலைநகர் ம்தினாவும் ஒட்டியிருக்கும் ரபாத்தும் அந்த மேட்டில்தான் இருக்கின்றன. கோட்டைக்கு உயரமும் கிடைத்தது, குடிக்கத் தண்ணீரும் கிடைத்தது. அப்போது மால்டாவை ஆண்ட கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பான செயின்ட் ஜான் வீரர்கள் 1566இல் தொடங்கிய இன்றைய தலைநகர் வல்லெட்டா இதற்கு நேர்மாறு: அருமையான துறைமுகம், ஊற்று கிடையாது. அதனால் வீட்டுக்கு வீடு பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்று விதி. அதுவும் போதாமல், 1610 முதல் 1615 வரை ரபாத் பக்கத்து ஊற்றுகளிலிருந்து நகரம்வரை வாய்க்கால் கட்டினார்கள்.

கிழக்கிலும் தெற்கிலும் அந்தக் களிமண் இல்லை. அங்கே நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கணக்கு இதுதான்: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை இருக்கும். மேலே அரை மீட்டர் இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 20 மீட்டர் ஏறிவிடும். ஆழக் குழாய்க்கிணறு போடப் போட உவர்ப்பதற்குக் காரணம் இதுவே. கடல்மட்டத்திலேயே கிடையாகச் சுரங்கம் வெட்டி மேல்நீரை மட்டும் மெல்ல வடித்தெடுப்பதுதான் சரியான முறை. மால்டாவில் அப்படிப்பட்ட சுரங்கங்களும் உண்டு.

1982இல் ஆர் லாப்சியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. இன்று குழாயில் வருவதில் பாதிக்கு மேல் கடல்நீர்தான். ஆனால் இந்த முறையில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 3, 4 யூனிட் மின்சாரம் போகும். ஆகவே இங்கே தண்ணீர்ப் பிரச்சினை என்பது மின்சாரப் பிரச்சினையும்கூட. 2015 முதல் சிசிலியிலிருந்து கடலடி மின்வடம் ஒன்று மின்சாரம் கொண்டுவருகிறது. 2019 டிசம்பரில் ஒரு கப்பலின் நங்கூரம் அதைச் சேதப்படுத்தியபோது தீவு முழுவதும் இருண்டது.

பிழைப்புக்கு வருவோம். சூயஸ் கால்வாய் திறந்தபின் நிலக்கரி ஏற்றப் பல கப்பல்கள் இங்கே நின்று போயின. பிரிட்டிஷ் கடற்படைத் தளம்தான் பெரிய அளவில் சோறு போட்டது. 1979இல் அது மூடப்பட்டது. இப்போது சுற்றுலா, நிதிச் சேவை, இணையச் சூதாட்ட நிறுவனங்கள் (2004இலேயே தனிச் சட்டவிதிகள் போட்டுவிட்டார்கள்), கிர்கோப்பில் மின்னணுச் சில்லு (சிப்) ஆலை, பிர்செபுஜாவில் கன்டெய்னர் துறைமுகம். ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம் அடுக்குமாடிகள் நெருக்கியடிப்பது முதல் மூன்றினால்தான். மார்சஷ்லோக்கின் வண்ணப் படகுகள் அஞ்சலட்டைக்கு அழகு; மீன் தொழிலில் ஏற்றுமதிப் பணம் கூண்டில் கொழுக்க வைத்து ஜப்பானுக்கு அனுப்பும் சூரை மீனில் இருக்கிறது.

வீடு வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே வீடு கட்டும் ஃபிராங்கா எனப்படும் இளமஞ்சள் சுண்ணாம்புக்கல் ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையானது. கடற்காற்றின் உப்பு அதன் துளைகளில் படிகமாகி மேற்பரப்பைப் பொரித்து உதிர்க்கும். மூட நினைத்து சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சுக்குப் பின்னால் கல் மாவாகிவிடும். சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும்.