பாட்டிக்கு வேண்டியது பிஸ்கட் இல்ல

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்க பெண்கள் மேல்நிலைப் பள்ளியில கணக்கு டீச்சர். எய்டட் ஸ்கூல். இந்த வருஷம் ஹெச்எம் சிஸ்டர் என்னை மாணவியர் வின்சென்ட் தே பவுல் சபைக்கு, அதாவது ஏழைங்களுக்கு உதவுற கத்தோலிக்க சபைக்கு, பொறுப்பா போட்டுட்டாங்க. 42 பிள்ளைங்க பேர் கொடுத்திருக்காங்க. ஆனா நடக்கிறதெல்லாம் வருஷத்துக்கு மூணு தடவை முதியோர் இல்லம் போறது, பிஸ்கட் பாக்கெட் கொடுக்கிறது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறது, கடைசியில சர்ட்டிபிகேட். பாதிப் பேர் இந்து, முஸ்லிம் பிள்ளைங்க. போன வாரம் ஒரு அப்பா வந்து "என் பொண்ண ஏன் ஜெபம் சொல்ல வைக்கிறீங்க"ன்னு கேட்டுட்டுப் போனார். பேசாம எக்ஸாம் சாக்கு சொல்லி இதை நிறுத்திடலாமான்னு தோணுது. என்ன பண்ணட்டும்?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. லெட்டர படிச்சதுமே பதில் எழுத உக்காந்துட்டேன், ஏன்னா இதே பொறுப்ப நானும் ஒரு ஸ்கூல்ல 11 வருஷம் பார்த்திருக்கேன், முதல் ரெண்டு வருஷம் நீங்க எழுதியிருக்கிற அதே பிஸ்கட், அதே போட்டோ தான்.

முதல்ல இந்த சபை எப்படி ஆரம்பிச்சதுன்னு உங்க பிள்ளைங்களுக்கு ஒரு நாள் சொல்லுங்க, அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ஆரம்பிச்சது சாமியாரோ பிஷப்போ இல்ல, ஒரு ஸ்டூடண்ட். 1833, பாரிஸ். பிரெடரிக் ஓசானாம்னு 20 வயசு பையன், சட்டம் படிக்க வந்தவன். முந்தின வருஷம் தான் காலரா வந்து ஊரையே வாரிட்டுப் போயிருந்தது. இவனும் நண்பர்களும் ஒரு விவாத மன்றம் வச்சு வரலாறு, மதம்னு பேசிட்டு இருந்தாங்க, அதுல கூடப் படிக்கிறவங்க சிலர் உங்க மதம் அந்தக் காலத்துல நல்லது பண்ணியிருக்கலாம், இப்ப நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டுட்டாங்க. அதுக்கு வாயால பதில் சொல்லிட்டு இருக்காம ஆறு மாணவர்களும் பெய்லின்னு ஒரு பெரியவரும் சேர்ந்து ஏழைங்க வீட்டுக்குப் போக ஆரம்பிச்சாங்க. யார் வீட்டுக்குப் போறது, எப்படிப் பேசுறதுன்னு எதுவும் தெரியாது. அந்த ஏரியாவுல வேலை செஞ்ச ரோசாலி ரெண்டூங்கிற சிஸ்டர் தான் அட்ரஸ் கொடுத்து, ரொட்டி வாங்குற சீட்டும் கொடுத்து அனுப்பினாங்க. அந்த ஓசானாமுக்குத்தான் 1997ல பாரிஸ்ல வச்சே போப் இரண்டாம் ஜான் பால் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, கொடுத்தார்.

இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான், அவங்க போனது வீட்டுக்கு, அதுவும் திரும்பத் திரும்ப. உங்க கிளப்புல இல்லாதது அது மட்டும் தான். வருஷத்துக்கு மூணு தடவை 42 பேர் போறதுக்குப் பதிலா வாரம் ஒரு தடவை ரெண்டு பேர் ஒரே வீட்டுக்குப் போகட்டும், அதே ரெண்டு பேர், அதே வீடு.

எங்க ஸ்கூல்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பாட்டி தனியா இருந்தாங்க. ஒன்பதாவது படிச்ச ரெண்டு பிள்ளைங்கள அனுப்பினேன். மூணாவது வாரம் நானும் கூடப் போனேன், பார்த்தா அலமாரியில எங்க பிஸ்கட் பாக்கெட் மூணும் பிரிக்காம வரிசையா இருக்கு. பாட்டிக்கு சுகர், பல்லும் கிடையாது, பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னு வாங்கி வாங்கி வச்சிருக்காங்க. அப்புறம் தான் பிள்ளைங்க கேட்டுச்சுங்க, பாட்டி உங்களுக்கு என்ன தான் வேணும்னு. ரேஷன் கடையில கைரேகை விழ மாட்டேங்குது, ரெண்டு மாசமா அலைய விடுறாங்கன்னு சொன்னாங்க. வயசானவங்களுக்கு ரேகை தேஞ்சு போயிடும்ல. கடைக்கு வர முடியாதவங்க வேற ஆளை அனுப்ப எழுதிக் கொடுக்கிறதுக்கு ஒரு படிவம் இருக்குன்னு அந்தப் பிள்ளைங்களே விசாரிச்சு, பூர்த்தி பண்ணி, பக்கத்து வீட்டு அக்காவ வாங்கிட்டு வர வச்சுதுங்க. அந்த மாசம் அரிசி வந்துச்சு. போட்டோ எடுக்கணும்னு யாருக்கும் ஞாபகமே வரல.

மரியாயின் சேனைன்னு இன்னொரு கத்தோலிக்க சபை இருக்கே, அதுவும் இப்படித்தான், 1921ல டப்ளின்ல பிராங்க் டஃப் ஆரம்பிச்சது. அவரே முதல்ல வின்சென்ட் தே பவுல் சபையில இருந்தவர் தான். ரெண்டு ரெண்டு பேரா போகணும், அடுத்த வாரக் கூட்டத்துல என்ன செஞ்சோம்னு சொல்லணும், அதோட பொருளோ பணமோ கொடுக்கவே கூடாதுன்னு அவங்களுக்கு விதி. பொருளே கொடுக்காம என்ன சேவைன்னு எனக்கு முதல்ல புரியல. அந்த அலமாரிய பார்த்த அப்புறம் புரிஞ்சுது. உங்க சபையில பொருள் கொடுக்கலாம், தப்பில்ல, ஆனா என்ன வேணும்னு கேட்டுட்டுக் கொடுங்க. வாரா வாரம் ரிப்போர்ட் சொல்ற பழக்கத்த மட்டும் அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கோங்க, வாயே திறக்காத பிள்ளை கூட நாலு வாரத்துல பேச ஆரம்பிச்சுடும்.

காசுக்கு ரகசியப் பை வைங்க, சபையில ஆரம்பத்துல இருந்தே உள்ள பழக்கம் தான். தையல் டீச்சர்கிட்ட சொன்னா ஒரு துணிப் பை தைச்சுக் கொடுப்பாங்க. கையை மூடி உள்ள விட்டு, உள்ளயே திறந்து, வெளிய எடுக்கணும். ரெண்டு ரூபா போட்டவளும் ஐம்பது போட்டவளும் ஒண்ணுமே இல்லாதவளும் அதே மாதிரி தான் கையை விடுவாங்க, யார் எவ்வளவுன்னு எனக்கே தெரியாது.

அந்த அப்பா விஷயத்துக்கு வர்றேன். அவர் கேட்டது நியாயம், கோபப்படாதீங்க. அரசியல் சட்டம் 28வது பிரிவுலயே தெளிவா இருக்கு, அரசு உதவி பெறுற ஸ்கூல்ல மைனர் பிள்ளைய மத போதனையிலயோ வழிபாட்டுலயோ கலந்துக்க வைக்கணும்னா பெற்றோர் சம்மதம் வேணும். 30வது பிரிவு சிறுபான்மையினருக்கு ஸ்கூல் நடத்துற உரிமைய கொடுக்குது, அதுக்காக 28வது பிரிவு இல்லாம போயிடாது. ஆனா சட்டத்த விடுங்க, மனசில்லாம சொல்ற ஜெபத்தால யாருக்கு என்ன பிரயோஜனம்? நான் செஞ்சது என்னன்னா, கூட்டம் நாலு மணிக்குன்னா ஜெபம் 3.50க்கு, வர்றவங்க வரட்டும், மத்தவங்க நாலு மணிக்கு வந்து உக்காரட்டும். போற வீட்டுல யாரும் மதம் பேசக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுவேன். ஆனா இது இயேசு சொன்னதுல இருந்து வந்த வேலைங்கிறத மறைக்கவும் மாட்டேன், பசியா இருந்தேன் சாப்பாடு கொடுத்தீங்கன்னு மத்தேயு 25ல வர்றது தான் இதுக்கெல்லாம் வேர், அதை அந்த அப்பாகிட்டயும் நேரடியா சொல்லுங்க, சொல்லிட்டு ஒரு சனிக்கிழமை கூட வரச் சொல்லுங்க. எங்க ஸ்கூல்ல அப்படி வந்த ஒரு அப்பா எலக்ட்ரீஷியன், பாட்டி வீட்டு சுவிட்ச் போர்டு எல்லாத்தையும் மாத்திக் கொடுத்துட்டுத் தான் போனார்.

போட்டோ வேண்டாம். உங்க அம்மா அடுத்தவங்க கையில இருந்து பாக்கெட் வாங்குற படத்த ஊரே பார்க்கிறத நீங்க தாங்குவீங்களா, பிள்ளைங்ககிட்ட இதையே கேளுங்க, புரிஞ்சுக்கும். சர்ட்டிபிகேட்டும் வேண்டாம், 42 பேர் 12 ஆகலாம், ஆகட்டும், பாரிஸ்ல ஆறு பேர் தானே. பாதுகாப்பு விஷயத்துல மட்டும் கொஞ்சமும் அசட்டையா இருக்காதீங்க, பெற்றோர் கையெழுத்து, நடந்து போற தூரம், வெளிச்சம் இருக்கும்போதே திரும்புறது, கூட ஒரு பெரியவங்க.

எக்ஸாமுக்கு லீவு விடலாம், ஆனா போற வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க. நான் ஒரு வருஷம் அரையாண்டுத் தேர்வு நேரத்துல சொல்லாம விட்டுட்டேன். ஒரு தாத்தா நாலு சனிக்கிழமையும் சட்டை போட்டு, தலை சீவி, மூணு மணியில இருந்து திண்ணையில உக்காந்திருக்கார். பிள்ளைங்க திரும்பப் போனப்ப அவர் ஒண்ணும் கேக்கலையாம், பக்கத்து வீட்டுக்காரங்க தான் சொல்லியிருக்காங்க. எனக்கு இன்னைக்கும் அது உறுத்துது.

முதியோர் இல்லத்தையும் விட வேண்டாம். டிசம்பர்ல எல்லாரும் கேக் எடுத்துட்டு அங்க போவாங்க, ஜனவரியில எட்டிப் பார்க்க ஆள் இருக்காது, அதனால நீங்க ஜனவரியில போங்க. போறதுக்கு முன்னாடி போன் போட்டு என்ன வேணும்னு கேளுங்க, பெரியவங்களுக்கான டயப்பர், டெட்டால், கைலின்னு சொல்வாங்க. லிஸ்ட்ட பிள்ளைங்களையே எழுதிக்கச் சொல்லுங்க, போனும் அவங்களே பண்ணட்டும்.