ஒரே இணைப்புத் தரவை எக்ஸ்எம்எல்லாகச் சேமித்தால் கோப்பு ஏன் மாறிமாறி வருகிறது? கட்டுப்படுத்த முடியுமா?

இணைப்புத் தரவு என்பது ‘கிருஷ்ணகிரி அணை – அமைந்துள்ள ஆறு – தென்பெண்ணை’ போன்ற முப்பகுதிக் கூற்றுகளின் தொகுப்பு; ஆர்டிஎஃப் எனப்படும் இந்த வலையில் முன், பின் என்ற வரிசையே கிடையாது. தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் எக்ஸ்எம்எல் வடிவமோ ஒரே வேரிலிருந்து கிளைவிடும் மரம். வலையை மரமாக்கும்போது எங்கே தொடங்குவது, எதை எதனுள் அடக்குவது என்பதை எழுதும் மென்பொருளே முடிவு செய்வதால்தான் கோப்பு மாறுகிறது.

பாலக்கோட்டுக் கல்யாண வீட்டில் சொந்தக்காரர் பட்டியல் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாக இருப்பவரே பெண்ணுக்குத் தகப்பனாகவும் இருப்பார். அவரை ஓரிடத்தில் முழுமையாக எழுதிவிட்டு, மற்ற இடத்தில் ‘மேற்படியார்’ என்று சுட்டினால் போதும். எக்ஸ்எம்எல் குறிச்சொல்லில் எழுதப்படும் ஆர்டிஎஃப்:அபவுட் (இன்னாரைப் பற்றி), ஆர்டிஎஃப்:ரிசோர்ஸ் (இன்னாரைச் சுட்டி) என்னும் இரு பண்புக்கூறுகளும் இதையே செய்கின்றன.

கட்டுப்படுத்த முடியும். முன்னொட்டுகளை (நீண்ட முகவரிகளுக்கான சுருக்கப் பெயர்களை) நீங்களே அறிவித்து, கூற்றுகளை எழுவாய் (கூற்றின் முதல் பகுதி) வாரியாக வரிசைப்படுத்தி, ஒன்றனுள் ஒன்றாக அடுக்காமல் தட்டையாக எழுதச் செய்யுங்கள். அடுக்கிய வடிவம் பார்க்க அழகாக இருந்தாலும், பழைய கோப்போடு ஒப்பிடத் தட்டை வடிவமே மேல் என்பது என் அனுபவம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கூற்றின் நடுப்பகுதியான பண்பு, எக்ஸ்எம்எல்லில் குறிச்சொல்லின் பெயராக எழுதப்படும்; அதன் முகவரி ‘/2004’ என வெறும் எண்ணில் முடிந்தால், எக்ஸ்எம்எல் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது என்பதால், அதை எக்ஸ்எம்எல்லாக எழுதவே இயலாது.

இரண்டு கோப்புகளின் வரிகள் வேறுபட்டால் தரவும் வேறுபட்டுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். கூற்றுகள் அதே கூற்றுகளாக இருக்கும்வரை இரண்டும் ஒரே தரவுதான்.